முட்டைக் காசு

நம் வயதுக்காரர்கள் வளர்ந்த கிராமத்து வீடுகளில் காடு, தோட்டம், மாடு எல்லாம் ஆண்கள் கணக்கு. கோழி மட்டும் பெண்கள் கணக்கு. முட்டை விற்ற காசில் வீட்டு ஆண்கள் கை வைப்பதில்லை. அது கடுகு டப்பாவிலோ அரிசிப் பானைக்குள்ளோ கிடக்கும். பிள்ளைக்குச் சிலேட்டு, பேத்திக்கு ரிப்பன், திடீரென்று ஊருக்குப் போக பஸ் சார்ஜ் எல்லாம் அதிலிருந்துதான் வரும். அந்தக் காசு எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும். பிறகு அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அடை, அதன்பின் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் அலைச்சல். ஆக வருஷத்துக்கு 50, 60 முட்டை கிடைத்தால் பெரிது. ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதனால் இன்று காலையில் இட்ட கோழி நாளை சற்றுத் தாமதமாக இடும். அப்படியே நேரம் தள்ளிக்கொண்டே போய் ஒரு நாள் இடாமல் விட்டுவிடும். ‘எங்கேயோ வைக்கோல் போரில் இட்டுவிட்டு வந்திருக்கிறது’ என்று நம்மைத் தேட அனுப்பினார்களே, அதில் பாதி வீண் தேடல்தான்!

பராமரிப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் கோழி தன் பாட்டுக்கு மேயும். சாயங்காலம் ஒரு கை கம்போ நொய்யோ போட்டுக் கூப்பிட்டு அடைப்பார்கள். குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போடுவார்கள். அடை வைக்கும் கூடையில் மணலோ தவிடோ பரப்பி, இடி விழுந்தால் முட்டை கெடாமலிருக்க ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவார்கள். அது நம்பிக்கை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைத் தள்ளுவது நம்பிக்கை அல்ல. இன்றைக்கும் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் விளக்கு வைத்து அதைத்தான் செய்கிறார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரே வாரத்தில் துடைத்துவிடும் ஒன்று இருந்தது. வெள்ளைக் கழிச்சல். முதல் நாள் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழியும். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டிலும் விழும். வாரக் கடைசியில் தெருவே காலி. மாரியம்மாளுக்கு வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியாது.

இந்த நோயை 1926-இல் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலும் முதலில் அடையாளம் கண்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் நாட்டில் இமயமலை அடிவாரக் குமாவுன் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறிந்ததால், இங்கே அதற்கு ராணிக்கெட் நோய் என்றே பெயர். அதே குமாவுன் மலையிலுள்ள முக்தேஸ்வர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில், 1940-களில் ஹாடோ, இத்னானி என்ற இருவர் இதற்குத் தடுப்பூசி மருந்து உண்டாக்கினார்கள். ஆனால் மருந்தைக் குளிர்ச்சியாகவே வைத்துக் கொண்டுவர வேண்டும். கரண்டே இல்லாத ஊருக்கு, நாலு கோழி வைத்திருக்கும் பாட்டிக்காக, ஐஸ் பெட்டியோடு யார் வருவார்கள்? மருந்து வந்தும் பல ஆண்டுகள் பாட்டிகளின் கோழிகள் செத்துக்கொண்டுதான் இருந்தன.

மருந்து முறையாகப் போய்ச் சேர்ந்த இடம் பண்ணை. அங்கே இருந்தது வெள்ளை லெகார்ன். இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய் அங்கே பெருகிய இனம். அது அடைக்கே படுக்காது. அதனால் அதன் வழியில் வந்த இன்றைய பண்ணைக் கோழிகள் வருஷத்துக்கு 300 முட்டைகூட இடும். மழை குறைந்த நாமக்கல் பகுதிக்கு அந்தத் தொழில் நன்றாக ஒத்துவந்தது. லாரிகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. 1982-இல் பி.வி. ராவ் முயற்சியில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உண்டானபின், வியாபாரி சொன்னதே விலை என்ற நிலை மாறி, பண்ணைக்காரர்களே விலையை அறிவிக்கத் தொடங்கினார்கள். ஒரே மாதிரி முட்டை, அட்டை அட்டையாகப் பெட்டிக்கடைக்கே வந்துவிட்டது. பாட்டியின் கூடையிலிருந்த எட்டு முட்டைக்கு முன்போல ஆள் வரவில்லை.

இதற்காகப் பண்ணையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. காரணம், பாட்டி வளர்த்த கோழியின் முட்டையை நாம் எத்தனை முறை சாப்பிட்டிருப்போம்? காய்ச்சலில் எழுந்தவனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான் அது. மற்றதெல்லாம் விற்பனைக்கு. 1989-இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போடத் தொடங்கினார்கள். 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது. ஏழை வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கு முட்டை வந்தது. அதன் பாட்டியின் டப்பாவிலிருந்து காசு போனது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு எழுத வேண்டும்.

இப்போது நாட்டுக்கோழி முட்டைக்கு மறுபடியும் மவுசு. பண்ணை முட்டையைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம்மில் சிலரும் ஓய்வுபெற்றபின் கொல்லையில் நாலு கோழி விட்டிருக்கிறோம். குஞ்சு பொரித்து ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஒரு ஊசி, இவ்வளவுதான் கழிச்சலுக்குக் காவல். கால்நடை மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். செத்த கோழியை வாய்க்காலில் வீசாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். தீவனத்தில் கலந்து கொடுக்கும் குருணை மருந்தைக்கூட நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் நாட்டுக்கோழிக்கென்றே உண்டாக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழி யார் கையால் தீனி தின்கிறதோ, முட்டைக் காசும் அந்தக் கைக்கே போகட்டும். அந்தப் பழைய வழக்கத்தை மட்டும் நாம் மாற்ற வேண்டாம்.