வாரும் பெயரும்

நாயை வெளியே அழைத்துச் செல்லும் வாரை மாட்டுதற்கென்று வாயிலருகே ஒரு மரப்பலகையைச் சுவரிற் பொருத்தி வைக்கும் வழக்கம் மேலைநாட்டு வீடுகள் பலவற்றில் உண்டு. ஒரு முழத்துக்கு மேற்படாத பலகை; அதிலே இரண்டொரு முளைகள்; அவற்றுக்கு மேலே நாயின் பெயர் செதுக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்குவோரும் உளர். உளியும் இழைப்புளியும் எடுத்துத் தாமே செய்துகொள்வோரும் உளர். அற்பமான பொருள்தான். ஆயினும், அங்கே எழுதியிருப்பது நாயின் பெயர். நாய்க்கு உடையவரின் பெயர் அன்று. நாயின் கழுத்தோடு தொடர்புடைய பொருள்களில் எவருடைய பெயரைப் பொறிப்பது என்பதற்கு நெடிய சரித்திரம் ஒன்று இருக்கின்றது. இன்று அதனைச் சிறிது நோக்குவோம்.

வார் எழுத்தினும் மூத்தது. சவூதி அரேபியாவின் வடபகுதியிலே சுவைமிஸ், ஜுப்பா என்னும் இடங்களிற் பாறைகளிலே வேட்டைக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஆராய்ந்தோர் 2017 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அக்காட்சிகள் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்டனவாயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சில நாய்களின் கழுத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு வேடனின் இடையைச் சென்று சேர்கின்றது. வில்லுக்கும் அம்புக்கும் இரு கைகளும் வேண்டும்; ஆதலின், வாரை அரையிலே கட்டிக்கொண்டனர் போலும். அக்கோடு வாரே அன்று, வேடனுக்கும் நாய்க்கும் உள்ள உறவைக் காட்டும் குறியாகவும் இருக்கலாம் என்போரும் உளர். அங்ஙனமாயினும், உறவைக் காட்டுதற்கு ஒரு கயிற்றை வரைந்தான் அக்காலத்து மனிதன் என்பது சிந்திக்கத் தக்கதே.

பெயரைக் காண நாம் எகிப்துக்குச் செல்லவேண்டும். கி.மு. 21 ஆம் நூற்றாண்டளவில் தீப்சு நகரிலிருந்து அரசாண்ட இரண்டாம் இன்ரெப் மன்னன், தன் கல்லறையின் முன்னே ஒரு நினைவுக்கல்லை நாட்டினான். அதில் மன்னனோடு அவனுடைய நாய்களும் இடம்பெற்றுள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. அப்பெயர்கள் எகிப்திய மொழிக்கு உரியன அல்ல. மேற்கே வாழ்ந்த லிபிய மக்களின் மொழிக்கு உரியன. ஆகவே, படிப்போர் விளங்கிக்கொள்ளும்பொருட்டுச் சில பெயர்களுக்கு எகிப்திய மொழியிலே பொருளும் எழுதி வைத்தனர். பெஹ்காய் என்றால் மான். பெஹ்தெஸ் என்றால் கறுப்பு. நம் ஊர்களிலே கறுப்பன் என்று கூப்பிட்டவுடன் எத்தனை நாய்கள் ஓடிவரும் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

இக்கல்லுக்குப் பின்னும் ஒரு கதை உண்டு. ஏறத்தாழத் தொளாயிரம் ஆண்டுகள் கழிந்தன. ஒன்பதாம் இராம்சேஸ் மன்னன் காலத்திலே, அரச கல்லறைகளைக் கள்வர் உடைக்கின்றனர் என்ற முறைப்பாடு எழுந்தது. அதிகாரிகள் கல்லறை கல்லறையாகச் சென்று பார்வையிட்டு அறிக்கை எழுதினர். அப்பாப்பிரசுச் சுருள் இன்று இலண்டனிலே பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. இன்ரெப்பின் கல்லறை சேதமுறவில்லை என்று குறித்த அவ்வதிகாரிகள், அங்குள்ள கல்லில் மன்னனின் கால்களுக்கிடையே பெஹ்கா என்னும் பெயருடைய நாய் நிற்கின்றது என்பதையும் குறித்துவைத்தனர். களவைப் பற்றிய உத்தியோகபூர்வ அறிக்கைக்கு நாயின் பெயர் வேண்டியதில்லை. எனினும் எழுதினர். 1860 ஆம் ஆண்டில் மரியெற் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அக்கல்லைக் கண்டெடுத்தபோது கீழ்ப்பகுதியே எஞ்சியிருந்தது. நாய்களும் அவற்றின் பெயர்களும் அதிலே தப்பியிருந்தன.

கழுத்துப்பட்டையிலேயே நாயின் பெயரை எழுதியதும் எகிப்திலே உண்டு. மன்னர் பள்ளத்தாக்கில் மைஹெர்ப்ரி என்னும் பிரபுவின் கல்லறையை விக்ரர் லொறே 1899 ஆம் ஆண்டிலே திறந்தார். அங்கே தோலாற் செய்த கழுத்துப்பட்டைகள் இரண்டு கிடைத்தன. ஒன்றிலே குதிரை உருவங்கள். மற்றொன்றிலே வேட்டைக் காட்சிகளோடு தந்தநூத் என்ற பெண்பெயர். நாயின் உடல் அங்கே இல்லை. பட்டைகள் மாத்திரமே இருந்தன.

கிரேக்க நாட்டிலே, கி.மு. 4 ஆம் நூற்றாண்டினரான செனபன் வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கழுத்துப்பட்டை மெதுவாகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டும், இல்லையேல் நாயின் உரோமம் தேய்ந்துவிடும் என்கின்றார்; வாரிலே கைபிடிக்கும் கண்ணி ஒன்று போதும் என்கின்றார். நாய்களுக்குச் சிறிய பெயர்களையே இடவேண்டும், அப்பொழுதுதான் கூப்பிடுதல் எளிது என்று கூறி, உயிர், ஈட்டி என்பன போன்ற பெயர்களாக ஒரு பெரிய பட்டியலையே தருகின்றார். வாரைப் பற்றியும் பெயரைப் பற்றியும் இவர் கூறியவற்றில் இன்றும் மாற்றவேண்டியது அதிகமில்லை.

உரோமரிடம் வரும்போது கதை இருளடைகின்றது. கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலை பொங்கிப் பொம்பெயி நகரை மூடியது. அங்கே ஒரு வீட்டிலே கட்டியிருந்த காவல் நாயை எவரும் அவிழ்த்துவிடவில்லை. சாம்பல் உயர உயர, சங்கிலி எட்டுமளவும் அதுவும் மேலே ஏறியது. பின்னர் ஏற இயலவில்லை. 1874 ஆம் ஆண்டில், சாம்பலுள் அதன் உடல் விட்டுச்சென்ற வெற்றிடத்திலே சாந்தை வார்த்து அதன் உருவத்தை எடுத்தனர். முறுகிய உடலோடும் கழுத்துப்பட்டையோடும் அவ்வுருவத்தை இன்றும் காணலாம். நாயின் பெயர் எவருக்கும் தெரியாது. வீட்டுக்காரனுடையது என்று கருதப்படும் வெசோனியசு பிரீமசு என்ற பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

இன்னொரு வகைக் கழுத்துப்பட்டையும் உரோமரிடம் இருந்தது. உரோம் நகரத்து நூதனசாலையிலே இரும்பு வளையம் ஒன்று உளது. அதிலே வெண்கலத் தகடு ஒன்று தொங்குகின்றது. இதை அணிந்திருப்பவர் ஓடிப்போனவர், பிடித்துச் சோனினசு என்னும் எசமானிடம் ஒப்படைப்போருக்குப் பொற்காசு ஒன்று கிடைக்கும் என்னும் கருத்துப்பட அதில் எழுதியுள்ளது. இதுபோன்ற வளையங்கள் பல அகப்பட்டுள்ளன. நாயின் கழுத்துக்கு உரியவை என்று சிலர் எண்ணியதும் உண்டு. இன்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஒருமுகமாக இவை அடிமைகளின் கழுத்தில் இட்டவை என்கின்றனர். சோனினசின் பெயர் 1,600 ஆண்டுகளாக வாழ்கின்றது. அதனைச் சுமந்த மனிதனின் பெயர் தகட்டில் இல்லை. நாய்க்குத் தன் பெயரைப் பட்டையிற் பொறித்த எகிப்தியப் பிரபுவையும், மனிதனுக்கு அதனைக்கூட மறுத்த இவ்வெசமானையும் ஒருங்கே நினைத்துப் பாருங்கள்.

பிற்காலத்து ஐரோப்பாவிலும் பட்டையிலே உடையவரின் பெயரே பெரும்பாலும் ஏறியது. இங்கிலாந்திலே கென்ற் மாகாணத்து லீட்சு மாளிகையில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய கழுத்துப்பட்டைகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பித்தளையிலும் வெள்ளியிலும் பெயர் பொறித்தவை பல. 18 ஆம் நூற்றாண்டிலே கவிஞர் அலெக்சாண்டர் போப், இளவரசர் பிரெடெறிக்குக்கு ஒரு நாயைக் கொடுத்து, அதன் பட்டைக்கென இரண்டு அடிகள் எழுதினார். நான் இளவரசரின் நாய், நீர் யாருடைய நாய் என்று படிப்போரை அது வினவும். அரசவையிற் குனிந்து நின்றோருக்கு நன்றாகச் சுட்டிருக்கும்.

பின்னர் சட்டம் வந்தது. விசர்நோய்ப் பயமும் அலையும் நாய்களின் தொல்லையும் அதற்குக் காரணம். இலங்கையிலே நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரித்தானியாவிலே பொது இடத்துக்கு வரும் நாயின் பட்டையில் உடையவரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. 2016 ஆம் ஆண்டு முதல், தோலின் கீழே இலக்கம் தாங்கிய சிறு கருவி ஒன்றைச் செலுத்துதலும் அங்கே கட்டாயமாயிற்று. பட்டையிலே நாயின் பெயரும் இருத்தல் வேண்டும் என்று அவ்விதி கேட்பதில்லை.

வீட்டுச் சுவரிலே அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. முளையடித்த பலகைகளுக்குப் புகழ்பெற்றவர் அமெரிக்காவின் சேக்கர் சமயத்தார். நாற்காலியைக்கூடச் சுவர் முளையிலே தொங்கவிட்டவர். ஆனால், வெறும் ஆசைக்காக விலங்கு வளர்த்தலை அவர்களுடைய 1845 ஆம் ஆண்டு விதிகள் தடுத்தன! அவர்கள் கைவேலையின் நேர்த்தியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். முளைக்குத் துளையிடும்போது முனை சிறிது மேல்நோக்கி நிற்குமாறு சாய்த்துத் துளைத்தல் வேண்டும். நேராக அடித்த முளையிலிருந்து வார் வழுகி விழும். பெயரை முதலிற் கடதாசியில் எழுதிப் பலகையிற் பதித்துக்கொண்டு, பின் செதுக்குவர். வளைந்த எழுத்துகளிலே மரத்தின் இரேகை போகும் திசையைக் கவனியாவிடிற் சிம்பு எழும்பிவிடும். உளியிற் பழக்கமில்லாதோர் காய்ச்சிய கம்பியாற் சுட்டே எழுதலாம். மழையில் நனைந்த வாரைத் தாங்கவேண்டியிருப்பதால் எண்ணெய் பூசுதல் நன்று.

நாய் இறந்தபின் அதன் வார் அடுத்த நாய்க்கு உதவும். பெயர் செதுக்கிய பலகை உதவாது. அதனைக் கழற்றாமல், பக்கத்திலே புதிய பலகை ஒன்றைப் பொருத்துவோரும் உளர்.