கட்டுச்சோறு சுமக்கும் கம்பி

கீழ்க்கூடத்தில் இருக்கிற வைஃபை பெட்டியின் அலை, நான் உட்கார்ந்து எழுதுகிற மாடியறையை எட்டிப் பார்ப்பதில்லை. மேலே இன்னொரு பெட்டி வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் பையன் ஒருவன் நீலக் கம்பிச் சுருளோடு வந்து சேர்ந்தான்.

"மேலே பிளக் பாயிண்ட் கிடையாதே, தம்பி. கரண்டுக்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு அண்ணாச்சி? இந்த ஒயர்லயே கரண்டும் ஏறிப் போவும்" என்றான். சொல்லிக்கொண்டே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தான். 'இன்ஜெக்டர்' என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் இணையக் கம்பி நுழைகிறது; வீட்டு மின்சாரமும் நுழைகிறது. மறுபக்கம் இரண்டும் சேர்ந்து ஒரே கம்பியில் வெளியே வருகின்றன.

"புது சாமானம் அண்ணாச்சி" என்றான். சாமான் புதிதுதான், சங்கதி மிகப் பழையது.

கிரஹாம் பெல் டெலிபோனுக்கு உரிமை பெற்றது 1876இல். 1882 ஜனவரி 28ஆம் தேதி கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் எக்ஸ்சேஞ்சுகள் திறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து டெலிபோன் கம்பியில் பேச்சு மட்டுமே பிரயாணம் செய்யும். சாப்பாடு அவரவர் வீட்டில். கருவியோடு ஒரு பாட்டரி இருக்கும். அது தீர்ந்தால் ஆள் வந்து மாற்றிவிட்டுப் போக வேண்டும். ஆயிரம் வீடு என்றால் ஆயிரம் பாட்டரி.

1893இல் அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற ஊரில் இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டினார்கள். வீடுதோறும் பாட்டரி எதற்கு? எக்ஸ்சேஞ்சிலேயே பொதுவாக ஒன்றை வைத்து, பேச்சு போகிற கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பினால் என்ன? கட்டுச்சோற்று மூட்டையோடு வழிப்போக்கன் புறப்பட்ட கதைதான். நாளடைவில் 48 வோல்ட் என்பது வழக்கமாயிற்று. இரண்டு வோல்ட் வீதம் 24 பாட்டரிக் கலங்களை வரிசையாகக் கோத்தால் கிடைக்கிற கணக்கு அது. நெடுந்தூரக் கம்பியைத் தாண்டிப் போக அது போதும். தற்செயலாகத் தொட்டுவிட்டவனுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை.

இந்த 48 வோல்ட்டின் அருமையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகி புயல் எங்கள் ஜில்லாவைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்தன. பல நாள் கரண்டு இல்லை. செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. எங்கள் தெருவில் அம்மாவின் பழைய டெலிபோன் மட்டும் உயிரோடிருந்தது. அதன் கம்பி பூமிக்கடியில் வந்தது. அதன் சோறு எக்ஸ்சேஞ்சின் பாட்டரி அறையிலிருந்து வந்தது.

அந்த டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறவள். மருமகன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். அம்மா கஞ்சி கொடுத்தால் பாதி குடிப்பாள். ஐந்தாம் நாள் மணி அடித்தது. லட்சத்தீவில் கரை ஏறிவிட்டானாம். அவள் அழுத அழுகையை நான் எழுதிக் காட்ட முடியாது. மணி அடிக்காத வீடுகள் எத்தனையோ!

பழைய உபாயம் பிறகு வேறு வேறு வேஷங்களில் வந்தது. 1966இல் நார்வே வானொலிக்காக நியூமன் கம்பெனி செய்துகொடுத்த மைக்கிலும் அதே 48 வோல்ட்தான். ஒலி வருகிற கம்பியிலேயே மின்சாரம் எதிர்த் திசையில் போயிற்று. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். வள்ளத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் மட்டம் ஏறினால் இருவரும் சேர்ந்தே உயர்வார்கள், பேச்சு தடைப்படாது. அதுபோல இரட்டைக் கம்பி இரண்டையும் ஒரே மட்டத்துக்கு உயர்த்திவிடுகிறார்கள். செய்தி என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இணையக் கம்பிக்கு இதே உபாயம் 2003இல் முறையான விதியாயிற்று. அப்போது ஒரு கம்பியில் ஏறியது 15.4 வாட், 2009இல் 30 ஆயிற்று, 2018இல் 90ஐத் தொட்டது. நூறு மீட்டர் வரை போகும். விதிப்படி செய்த இன்ஜெக்டர் எடுத்த எடுப்பில் மின்சாரத்தைக் கொட்டுவதில்லை. முதலில் சொற்ப வோல்ட் அனுப்பி, "மின்சாரம் வாங்கத் தெரிந்தவன்தானா நீ?" என்று எதிர்ப்பெட்டியை விசாரித்துக்கொண்டுதான் இலை போடும். மலிவுச் சரக்குகள் சில விசாரிப்பதில்லை. ஆள் தெரியாமல் ஊட்டிப் பெட்டியைக் கருக்கிவிடுவதும் உண்டு.

ஆனால் ஒன்றை இழந்துவிட்டோம். அம்மாவின் டெலிபோனை எடுத்துவிட்டு, இப்போது தெருவிலிருந்து கண்ணாடி இழை வருகிறது. அதில் ஒளி போகும், சோறு போகாது. வீட்டில் கரண்டு நின்றால் பெட்டியும் நின்றுவிடும். மாடிப் பெட்டிக்கு ஊட்டுகிற இன்ஜெக்டருக்கும் என் வீட்டுப் பிளக்தான் அன்னதாதா.

"அதை இன்வெர்ட்டர் லைனில் கொடு, தம்பி" என்றேன்.

"ஒரு வைஃபைக்கு எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு?"

"ஓகிப் புயலில் உனக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு" என்றான். ஸ்க்ரூடிரைவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. "எங்க மாமா ஒருத்தரு இன்னும் வரல்லை."

அதற்கப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை. இன்ஜெக்டரை இன்வெர்ட்டரில் மாட்டினான். நான் சொல்லாமலே, கீழ்க்கூடத்துப் பெட்டியின் கம்பியையும் பிடுங்கி அதன் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போனான்.