ஏரோதின் விருந்தாளிகள்

சியெனா நகரப் பேராலயத்தின் கீழுள்ள ஞானஸ்நானக் கோயிலில் ஆறு பக்கங்கள் கொண்ட தொட்டி ஒன்று இருக்கிறது. யோவான் ஸ்நானகனின் கதை ஆறு வெண்கலப் பலகைகளில் அதைச் சுற்றி ஓடுகிறது. இரண்டைக் கிபெர்ட்டி செய்தார். ஜாகொப்போ தெல்லா குவெர்ச்சா 1417இல் ஒப்புக்கொண்டு இழுத்தடித்த பலகை ஒன்று 1423இல் டொனாட்டெல்லோ கைக்கு வந்து 1427இல் முடிந்தது. அதுதான் 'ஏரோதின் விருந்து'.

இந்தப் புடைப்புச் சிற்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பர்ஸ்பெக்டிவைப் பேசுவார்கள். தரைக் கோடுகள் உள்நோக்கி ஒடுங்குகின்றன. வளைவுகளுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள், அதற்கும் பின்னால் இன்னொரு அறை. தூரம் கூடக்கூடப் புடைப்பு தேய்ந்து வெறும் கீறலாகிவிடுகிறது. எல்லாம் சரிதான். ஆனால் இவ்வளவு இடத்தைத் திறந்து வைத்தது எதற்காக? வித்தை காட்டவா?

மாற்கு எழுதிய பிரதிக்குப் போவோம். ஏரோதியாளின் மகள் ஆடுகிறாள். கேட்டதைத் தருகிறேன் என்று ராஜா ஆணையிடுகிறான். அவள் தாயிடம் போய்க் கேட்டு வந்து யோவானின் தலையைக் கேட்கிறாள். ராஜா துக்கப்படுகிறான், ஆனாலும் ஆணையின் பொருட்டும், கூட இருந்தவர்களின் பொருட்டும் மறுக்க மனமில்லை. கூட இருந்தவர்கள் யார்? பிரபுக்கள், சேனாதிபதிகள், கலிலேயாவின் பிரதானிகள். ஆக, அது வீட்டு விருந்தல்ல, அரசின் சபை. பெரிய மனுஷர்கள் முன்னால் சொன்ன சொல் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு தலை போகிறது. அவர்களில் ஒருவர்கூட வாயைத் திறந்ததாக மாற்கு சொல்லவில்லை.

பின்வந்த மரபோ முழுப் பழியையும் ஆடியவள் தலையில் போட்டது. மாற்கு அவள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. சலோமி என்ற பெயர் ஜோசபஸின் வரலாற்றிலிருந்து வருவது.

டொனாட்டெல்லோவின் பலகையில் அவள் வலது ஓரத்தில் ஆடுகிறாள். இடது ஓரத்தில் ஒருவன் மண்டியிட்டுத் தட்டில் தலையை நீட்டுகிறான், ஏரோது பின்வாங்குகிறான். ஆட்டம் முன்னால் நடந்தது, தலை பின்னால் வந்தது. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் நிற்கின்றன. நடுவில் ஆளில்லை, வெறும் மேசையும் தரையும்தான். ஆட்டத்துக்கும் தலைக்கும் இடையில் கதையில் இருப்பது ராஜாவின் ஆணை. அதைச் செதுக்க முடியாது, காலி இடமாக விடத்தான் முடியும் என்று இதை வாசிக்கலாம்.

மேசைக்குப் பின்னால் ஒரு விருந்தாளி கையால் முகத்தை மூடிக்கொள்கிறான். இந்தக் கையை இரக்கம் என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆணையிட்டபோது அந்தக் கை எங்கே இருந்தது? பின்னறையில் தலை இன்னொரு முறையும் தெரிகிறது: அது நம்மை நோக்கி அறை அறையாக வந்திருக்கிறது. யாரும் மறிக்கவில்லை. இவ்வளவு ஆழம் இதற்காகத்தான். முகத்தை மூட எல்லோருக்கும் நேரம் இருந்தது. தடுக்கவும் நேரம் இருந்தது.

அந்தக் காலி நடுவுக்கு நேர் எதிரே நிற்பது பார்வையாளர். இது ஞானஸ்நானத் தொட்டி என்பதை மறந்துவிடக் கூடாது. பிள்ளையைத் தூக்கி வந்து, உறவும் ஊரும் பார்க்க, அதன் சார்பில் வாக்குக் கொடுக்கிற இடம் இது. வாக்குக் கொடுக்கிறவர்களும் சாட்சியாக நிற்கிறவர்களும் குனிந்தால் கண்ணில் படுவது, சாட்சிகள் சும்மா இருந்த ஒரு விருந்து.