பிரம்பும் சட்டமும்: சிதம்பரம் நிகழ்வை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் உள்ள அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை ஆசிரியர் அடிக்கும் காணொலி 2021 அக்டோபரில் பரவியது. அவ்வாசிரியர் கைது செய்யப்பட்டார். ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய பணியின் வழிவந்தது அப்பள்ளி. குற்றம் செய்த சிறாரைப் பிரம்படியிலிருந்து விடுவித்த சட்டம், பாடம் கற்கும் சிறாரை விடுவிப்பதில் பின்தங்கியமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீதிமன்றத்தில் சிறார்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 7 வயதுக்குட்பட்டோரின் செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. 7 முதல் 12 வயது வரையிலானோர்க்கு அறிவு முதிர்ச்சியே அளவுகோலாயிற்று. 1864ஆம் ஆண்டின் கசையடிச் சட்டம், சிறார்க்குப் பிற தண்டனைகளுக்கு மாற்றாகக் கசையடி விதிக்க இடமளித்தது. அதனைப் பள்ளியில் அடிக்கும் முறையில், மெல்லிய பிரம்பால் நிறைவேற்றுவது அக்காலச் சட்டமரபு. அதாவது, நீதிமன்றம் தன் தண்டனைக்கு வகுப்பறையையே முன்மாதிரியாகக் கொண்டது.

1887இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி அமைந்தது. இந்தியாவிலேயே முதலாவதான சென்னைச் சிறார் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. நீதிமன்றக் கசையடி 1955இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வகுப்பறையில் சிறார்

முன்மாதிரியாக விளங்கிய பள்ளிப் பிரம்போ நீடித்தது. 12 வயதுக்குட்பட்டவரின் நன்மை கருதி, காப்பாளரின் இசைவுடன் நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்னும் தண்டனைச் சட்டப் பிரிவு 89 அதற்கு அரணாயிற்று. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தலே அவ்விசைவாகக் கருதப்பட்டது.

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, உடல்சார் தண்டனை தடைசெய்யப்பட்டது. நீதிமன்றத்தில் கசையடி ஒழிந்து அப்போது 48 ஆண்டுகள் கடந்திருந்தன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17இன்வழி உடல், மனத் துன்புறுத்தல்களைத் தடுத்தது. எனினும் அச்சட்டம் கூறும் குழந்தை 6 முதல் 14 வயதுக்கு உட்பட்டவரே. மேல்நிலை வகுப்பு மாணவர் அவ்வரம்புக்கு வெளியே நிற்கிறார். அவருக்குத் துணையாவன மாநில விதியும், 18 வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுமை இழைப்பதைத் தண்டிக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 75உம் ஆகும்.

முடிவுரை

குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு, கொடுங்குற்றங்களில் 16 வயது நிரம்பியோர்க்கான விலக்கு நீங்கலாக, 18 வயது வரை தனிநீதி உண்டு. குற்றமேதும் செய்யாத மாணவர்க்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு 14 வயதோடு நின்றுவிடுகிறது. பழைய பிரிவு 89 இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 27ஆகத் தொடர்கிறது. இவ்வயது இடைவெளியை அகற்றுவதும், பிரிவு 27 ஆசிரியரின் அடிக்குப் பொருந்தாதெனத் தெளிவுபடுத்துவதும் சட்டம் நிறைவுசெய்ய வேண்டிய கடன்களாம்.