பஞ்சத்தில் உருவான பிள்ளைகள்

பிள்ளைகளின் அறிவாற்றல் பிறவியிலேயே அமைந்தது என்று ஒரு சாராரும், எல்லாம் வளர்ப்பில்தான் உள்ளது என்று மறுசாராரும் வாதிடுவதை நம் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கலாம். இரண்டுக்கும் இடையே தாயின் கருப்பை என ஓரிடம் இருப்பதை இரு சாராருமே மறந்துவிடுகின்றனர். அதனை அறிவியலுக்கு உணர்த்தியது நெதர்லாந்தில் நேர்ந்த ஒரு பஞ்சம்.

1944 செப்டம்பரில், நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக டச்சு இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜெர்மானியர் பழிதீர்க்க, மேற்குப் பகுதிக்கு உணவு செல்லவொட்டாமல் தடுத்தனர். நவம்பர் இறுதியில் ஒருவருக்குரிய நாள் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழிறங்கியது. பின்னர் 400 முதல் 800 வரைதான். மக்கள் துலிப் செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். 1945 மே மாதம் விடுதலை கிடைத்தது, உணவும் வந்தது.

அதே காலத்தில் மலாயாவில் நம் பாட்டிமார் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தனர். ஆனால் நெதர்லாந்தில் பஞ்சத்தின் தொடக்கமும் முடிவும் திட்டவட்டமாக இருந்தன. பிறப்புப் பதிவுகளும் கிடைத்தன. எந்தக் குழந்தை கருவில் எந்த மாதத்தில் பசித்தது என்று கணக்கிட முடிந்தது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் தம்பதியர் தம் குழுவினருடன் 1972இல் முதல் முடிவை வெளியிட்டனர். கட்டாய இராணுவப் பணிக்காக 19 வயதில் சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 125,000 இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், கருவில் பசித்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருக்கவில்லை. தந்தையின் தொழிலுக்கேற்ப மதிப்பெண் வேறுபட்டதே தெளிவாகத் தெரிந்தது. பலரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

ஆனால் ஒரு தேர்வுத்தாள் எல்லாவற்றையும் அளந்துவிடுமா? கருவின் கடைசி மாதங்களில் பசித்த குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. முதல் மாதங்களில் பசித்தவையோ, தாய்க்குப் பிறகு உணவு கிடைத்ததால் இயல்பான எடையுடன் பிறந்தன. பின்னாளில் மூளையில் பாதிப்பு தெரிந்தது பெரும்பாலும் இவர்களிடந்தான். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத குழந்தைகள்!

அத்தம்பதியரின் மகன் எஸ்ரா சஸ்ஸர் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஏற்படும் வாய்ப்பு இருமடங்காக இருந்தது. (இருமடங்கு என்றாலும், மிகப் பெரும்பாலோர்க்கு அந்நோய் வரவில்லை என்பதைப் பெற்றோர் மறக்க வேண்டா.) 2010இல் வெளியான ஆய்வில், 56 முதல் 59 வயதினருள் கருவின் தொடக்கத்தில் பசித்தவர்கள் கவனம் குவிக்கும் சோதனையில் பின்தங்கினர். பொது அறிவுத்திறனில் அப்போதும் வேறுபாடில்லை.

பழியைப் பசியின்மேல் மட்டும் சுமத்தவும் இயலாது. அத்தாய்மார் குளிரிலும் குண்டுவீச்சு அச்சத்திலும் வாழ்ந்தவர்கள். தாயின் மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோலில் ஒரு பகுதி கருவையும் எட்டும். உணவையும் அச்சத்தையும் அந்தக் குளிர்காலம் தனித்தனியே தரவில்லை.

ஆண், பெண் வேறுபாடு இன்னும் சிக்கலானது. முதல் ஆய்வில் பெண்களே இல்லை. இராணுவம் அவர்களை அழைக்கவில்லை அல்லவா? மனச்சிதைவு, 1992 ஆய்வில் பெண்களிடம் மட்டும் மிகுந்து காணப்பட்டது. 1996இல் விரிவாக ஆராய்ந்தபோது இருபாலாரிடமும் தெரிந்தது. 2016இல் 118 முதியோரின் மூளையைப் படமெடுத்து அளந்தனர். கருவின் தொடக்கத்தில் பசித்த ஆண்களின் மூளை சற்றுச் சிறுத்திருந்தது, பெண்களிடம் அவ்வாறில்லை. ஆண்பிள்ளை மூளை, பெண்பிள்ளை மூளை என்று பெற்றோர் கூட்டங்களில் அடித்துப் பேசுவோர், ஒரே பஞ்சத்தைப் பற்றிய இம்மூன்று முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்க்கட்டும்.