அரணில் சேர்க்கும் பொருள்கள்: அர்த்தசாஸ்திரத்தின் சேமிப்புச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

முற்றுகைக் காலத்திற்கும் பஞ்ச காலத்திற்கும் வேண்டிய பொருள்களை முன்கூட்டியே சேர்த்து வைத்தல் பண்டைய அரசியலின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. இதனைப் பற்றி விரிவாகப் பேசும் இந்திய நூல்களுள் கௌடல்யரின் அர்த்தசாஸ்திரம் தலையாயது. நெடுங்காலம் மறைந்திருந்த இந்நூலின் கிரந்த எழுத்து ஓலைச்சுவடியைத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் 1905இல் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். அந்நூலகத்தைச் சேர்ந்த ஆர். சாமசாஸ்திரி 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக வெளியிட்டார். ஆர். பி. காங்லேயின் செம்பதிப்பு 1960இலும் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1963இலும் வெளிவந்தன.

இந்நூலில் இடம்பெறும் சேமிப்புச் சொற்கள் எளியவை போலத் தோன்றும். மொழிபெயர்க்கப் புகும்போதே அவற்றின் சிக்கல் புலப்படும். அச்சொற்களை எவ்வாறு பொருள் கொள்வது என்பதையும், பொருள்கோள் பிழைத்தால் இழக்கப்படுவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பட்டியலும் அதன் வரிசையும்

நூலின் 2ஆம் அதிகரணத்து 4ஆம் அத்தியாயம் கோட்டைக்குள் பல ஆண்டுகளுக்குப் போதுமாறு சேர்க்க வேண்டிய 20க்கும் மேற்பட்ட பொருள்களை ஒரே தொடரில் அடுக்குகிறது. நெய், எண்ணெய் முதலியவற்றில் தொடங்கி, தானியம், உப்பு, மருந்து, உலர்ந்த காய்கறி, கால்நடைத் தீவனம், உப்புக்கண்டம், வைக்கோல், விறகு, உலோகம், தோல், கரி, நரம்பு, நஞ்சு, கொம்பு, மூங்கில் எனச் சென்று, படைக்கலம், கவசம், கல் ஆகியவற்றில் அது முடிகிறது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கலவையான அடுக்காகத் தோன்றலாம். ஆயின் ஒவ்வொரு பொருளையும் அதன் அண்டைப் பொருளோடு சேர்த்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. உண்பன முதலில் வருகின்றன. எரிப்பனவும் செய்பொருளுக்கு மூலமானவையும் அடுத்து வருகின்றன. போர்க் கருவிகள் இறுதியில் நிற்கின்றன. நரம்பும் கொம்பும் மூங்கிலும் இடம்பெறுவதன் காரணத்தைப் படைக்கலம் பற்றிய 18ஆம் அத்தியாயம் விளக்குகிறது. மூங்கிலாலும் கொம்பாலும் வில் செய்யப்பட்டது. விலங்கின் நரம்பு நாணாயிற்று. செய்து முடித்த ஆயுதத்தோடு, ஆயுதம் செய்வதற்கான மூலப்பொருளும் இருப்பில் வைக்கப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

புல்வகையைக் குறிக்கும் இரு சொற்களும் இவ்வாறே கருதத்தக்கவை. ‘யவஸம்’ என்பது காய்கறிக்கும் உப்புக்கண்டத்திற்கும் இடையே நிற்கிறது; ‘திருணம்’ என்பது விறகை அடுத்து நிற்கிறது. இரண்டையும் ‘புல்’ என்று பெயர்த்தால் மூலத்தின் வேறுபாடு மறைந்துவிடும். முன்னதைத் ‘தீவனம்’ என்றும் பின்னதை ‘வைக்கோல்’ அல்லது ‘உலர்புல்’ என்றும் பெயர்ப்பது பொருந்தும்.

3. மயக்கம் தரும் இரு சொற்கள்

பட்டியலில் வரும் ‘க்ஷாரம்’ என்னும் சொல் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றக் கூடியது. இதன் தமிழ் வடிவமாகிய ‘காரம்’ இன்று வேதியியலில் ஒரு பொருளும் சமையலறையில் வேறொரு பொருளும் தருகிறது. இவ்விரண்டும் இங்கே பொருந்தா. 15ஆம் அத்தியாயத்தில் நூலாசிரியரே க்ஷார வகையில் பாகு, வெல்லம், கண்டசருக்கரை முதலியவற்றை எண்ணுகிறார். சாம்பலிலிருந்து பெறப்படும் யவக்ஷாரமோ அங்கே உப்பு வகையில் அடங்குகிறது. எனவே இவ்விடத்தில் க்ஷாரம் என்பது இனிப்புப் பொருளே. அகராதியை நாடுவதற்கு முன் நூலின் உள்ளே விளக்கம் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இறுதியில் வரும் ‘கல்’ மற்றொரு சிக்கல். கோட்டை பற்றிய பகுதியாதலால் இதனைக் கட்டடக் கல் எனக் கொள்ள இடமுண்டு. ஆனால் படைக்கலத்தையும் கவசத்தையும் அடுத்து இச்சொல் நிற்கிறது. 18ஆம் அத்தியாயம் பொறியால் எறியும் கல், கவணால் எறியும் கல், கையால் எறியும் கல் ஆகியவற்றைக் கல்லாயுதங்களுள் சேர்க்கிறது. மதில்மேல் ஆயுதம் வைக்கும் இடங்களைக் கூறும் 3ஆம் அத்தியாயமும் கல்லைக் குறிப்பிடுகிறது. ஆகவே இது பிற்காலத்துத் துப்பாக்கி ரவையைப் போல எறிபொருளாகச் சேர்த்து வைக்கப்பட்டது எனக் கொள்வதே பொருத்தம். மதுரை மதிலின் பொறிகளுள் கல்லெறியும் கவணையும் கூறும் சிலப்பதிகாரம் தமிழ் வாசகருக்கு இப்பொருளைத் தெளிவாக்கும்.

4. சேமிக்கும் இடம்

‘கோஷ்டாகாரம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பல ஈடுகள் உள்ளன. அதனோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ‘கொட்டாரம்’ தமிழில் தானியம் சேர்க்கும் இடத்தைக் குறிக்க, மலையாளத்தில் அரண்மனையைக் குறிக்கிறது. ‘கிடங்கு’ என்பது பழைய இலக்கியத்தில் அகழியையும் பின்னர்ப் பண்டம் வைக்கும் இடத்தையும் குறித்தது. ‘குடோன்’ எனத் தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொல்லை 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தமிழ், தெலுங்கு, மலாய்ச் சொற்களோடு இணைத்துக் காட்டுகிறது. அகழியைப் பற்றியும் பேசும் ஒரு நூலில் கிடங்கு என்னும் சொல் மயக்கம் தரும். தானியமே முதன்மையாதலின் ‘களஞ்சியம்’ ஏற்றது எனலாம்.

களஞ்சியத்துள் பொருள் வைக்கும் முறையையும் 15ஆம் அத்தியாயம் கூறுகிறது. தானியம் தரைக்கு மேலே உயர்த்தி வைக்கப்பட வேண்டும். எண்ணெய் வகைகளுக்கு மண்கலமும் மரக்கலமும் உரியவை. உப்பைத் தரையிலேயே வைக்கலாம்.

5. யாருடைய இடர்?

அதே அத்தியாயம், சேர்த்தவற்றுள் பாதியை ‘ஜானபதர்’ இடருக்கென ஒதுக்கி, மறுபாதியை மட்டுமே பயன்படுத்துமாறு விதிக்கிறது. ஜானபதர் என்போர் நகரத்தாரினின்று வேறாக எண்ணப்பட்ட நாட்டுப்புறக் குடிமக்கள். இதனை ‘நாட்டின் இடர்’ எனச் சுருக்கினால், அரசின் நெருக்கடிக்கு ஒதுக்கிய பங்காக அது மாறிவிடும். ‘நாட்டுப்புற மக்களின் இடர்’ என்றால் உழுது விளைவித்தவருக்கு உரிய பங்காக நிற்கும். பஞ்ச காலத்தில் அரசன் விதையும் உணவும் தந்து மக்களைக் காக்க வேண்டும் என்னும் 4ஆம் அதிகரணத்தின் விதியும் பின்னைய பொருளுக்கே அரண் செய்கிறது. ஒரு வேற்றுமை உருபும் ஒரு பெயர்ச்சொல்லும் இங்கே பாதிக் களஞ்சியத்தின் உரிமையைத் தீர்மானிக்கின்றன.

திருக்குறளின் 75ஆம் அதிகாரமாகிய ‘அரண்’, உணவு சேர்த்து வைக்கப்பட்டிருத்தலைக் கோட்டையின் இலக்கணங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. அங்கு வரும் ‘கூழ்’ என்பதற்கு இன்றைய வழக்கிலுள்ள கஞ்சி போன்ற உணவு என்று பொருள் கொண்டால், அரணின் முழு உணவு இருப்பும் ஒரு கலயத்துள் சுருங்கிவிடும்.

6. முடிவுரை

பழைய இருப்பை வெளியேற்றிப் புதியதை அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்னும் விதி கோட்டை இருப்புக்கும் களஞ்சியத்துக்கும் தனித்தனியே கூறப்பட்டுள்ளது. குவித்து வைப்பதோடு சேமிப்பு முடிவதில்லை, அது இடைவிடாத பராமரிப்பு என்பதே இதன் கருத்து. 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்ட இந்திய உணவுக் கழகமும் முதலில் வந்த தானியம் முதலில் செல்ல வேண்டும் என்னும் நெறியைக் கொண்டுள்ளது. சுவடி கிடைத்த தஞ்சை மண்ணிலேயே அக்கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்தது.

பொருட்பட்டியல்களை மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஈடு தேடுவதோடு அமையாது, அதன் அண்டைச் சொல்லையும் நூலின் பிற பகுதிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கும்போதுதான் எது தீவனம், எது ஆயுதம், எது பசித்தவரின் பங்கு என்பது விளங்கும்.