சிவப்புக் கேடயம்

பெயரிலே பெருமை தேடுவோர் எந்நாட்டிலும் உளர். குருதியிலே ஊறிய குலப்பெயர் எங்கள் பெயர் என்று கூறிக் களிப்பர். ஐரோப்பிய அரசுகளுக்கே கடன் கொடுத்த ரோத்சில்டு குடும்பத்தின் பெயர் எங்கே பிறந்தது என்றறிந்தால், அவர்கள் சற்றே அயர்ந்து போவர். வானம் வழங்கியதல்ல, வேந்தன் ஈந்ததுமல்ல. ஒரு வீட்டு வாயிலில் இருந்த அடையாளம் தந்த பெயர் அது!

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், 1462-இல், யூதர்களை ஒதுக்கி ஒரே தெருவில் அடைத்தனர். யூதர் தெரு என்றே அதற்குப் பெயர். இரவிலும், ஞாயிறன்றும், கிறித்தவர் திருநாட்களிலும் தெருவின் கதவுகள் பூட்டப்படும். 18-ஆம் நூற்றாண்டில் அக்குறுகிய தெருவில் சுமார் 3,000 பேர் நெருக்குண்டு வாழ்ந்தனர். அவர்கள் செய்த குற்றம்? யூதராய்ப் பிறந்தது!

எண்ணிட்டு வீட்டை அறியும் வழக்கம் வராத காலம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஐசக் எல்கானன் என்பார் வாழ்ந்த வீட்டின் அடையாளம் சிவப்புக் கேடயம். ஜெர்மன் மொழியில் ‘ரோட்’ என்றால் சிவப்பு. ‘ஷில்ட்’ என்றால் கேடயம். வீட்டின் பெயர் குடும்பத்தின் பெயராயிற்று.

வேடிக்கை கேளுங்கள்! வழிவந்தோர் அவ்வீட்டை விட்டு, ‘பின்சட்டி’ எனப் பெயர் கொண்ட வேறொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கேதான் 1744-இல் மேயர் ஆம்ஷெல் பிறந்தார். வட்டித் தொழிலையும் நாணய வணிகத்தையும் வளர்த்தார். செல்வம் சேர்ந்ததும் அவர் வாங்கிய வீட்டின் அடையாளமோ பச்சைக் கேடயம்! சட்டியைக் கடந்து பச்சைக்கு வந்தபிறகும், பெயர் மட்டும் சிவப்பாகவே நின்றது. குருதிக்கும் பெயருக்கும் உள்ள உறவு இவ்வளவே.

மேயரின் மக்கள் ஐவர், பிராங்பர்ட், வியன்னா, லண்டன், நேபிள்ஸ், பாரிஸ் என ஐந்து நகரங்களில் வங்கி நடத்தினர். எனினும் பொன் திறந்த கதவுகளைப் பிறப்பு மறித்தது. லண்டன் நகர மக்கள் 1847-இல் லயனல் ரோத்சில்டைப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். கிறித்தவ நம்பிக்கையின்மேல் ஆணையிட மறுத்த காரணத்தால், 1858 வரை அவருக்கு அங்கே இருக்கை இல்லை! மேயர் பிறந்த பிராங்பர்ட் நகரமோ, யூதருக்கு முழு உரிமை வழங்க 1864 வரை காத்திருந்தது.

கோடி படைத்தோர்க்கே இக்கதி எனில், கூலிக்கு உழைத்த யூதனின் நிலை என்ன?

பெயரைக்கூட அரசுகள் அவர்கள் விருப்பத்துக்கு விடவில்லை. ஜெர்மன் குடும்பப்பெயர் கொள்க என 1787-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு கட்டளையிட்டார். 1938-இல் நாஜி ஆட்சியோ, யூதப் பெயரெனத் தான் பட்டியலிட்ட பெயர் இல்லாத ஆண்கள் ‘இசுரேல்’ என்றும், பெண்கள் ‘சாரா’ என்றும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. பிரித்தறிய, பின்னர் அழித்தொழிக்க!

பெயர், வீட்டைக் காட்டும் பலகையாய் இருந்தவரை தீங்கில்லை. மனிதனை அடைக்கும் கதவாய் அதை ஆக்கியோரே தீங்கிழைத்தோர். பலகையில் எழுதியவன் மனிதன். கதவைப் பூட்டியவனும் மனிதன். ஆகவே, திறக்க வேண்டியவனும் மனிதனே!